"ஸேர், என்ட நேரம் களவு போகுது": வீட்டிலிருந்து ஒன்லைன் செஸ் ஆடுகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை தாண்டினால் என் போனுக்கு வருகிற குரல்பதிவுகள் இரண்டே வகை. ஒன்று, "ஸேர், என்ட நேரம் களவு போகுது." மற்றது, "ஸேர், அவன் கள்ள விளையாட்டு விளையாடுறான்." கிழமை நாட்களில் திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் போனும் கணினியும் திருத்துகிறேன். ஞாயிறுகளில் பதினான்கு பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் பாதிப்பேர் உப்புவெளி, சாம்பல்தீவு, பாலையூற்று என்று அவரவர் வீட்டிலிருந்தே ஆடுகிறவர்கள். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்ப்பதால் ஒன்று விளங்கிவிட்டது. அந்த இரண்டு முறைப்பாடும் ஒரே முடிச்சு. நெட் இழுப்பதைப் பார்த்து எதிராளி கள்ளன் என்கிறோம். நெட்டைச் சரிசெய்யப் போய், தெரியாமல் நாமே விதிக்கு வெளியே காலை வைக்கிறோம். ஆகவே முதலில் வயரைப் பார்ப்போம், ஆளைப் பிறகு பார்க்கலாம்.

இழுவை மூன்று இடத்தில் இருக்கலாம்: கையில் இருக்கிற போன், வீட்டு நெட், அக்கரையில் இருக்கிற சேர்வர். எது என்று தெரியாமல் போனை மாற்றுகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறார்கள். எனக்கு வியாபாரம், ஆனாலும் சொல்கிறேன்: அவசரப்படாதீர்கள்.

லிசெஸ் என்கிற இலவச செஸ் தளத்தை பிரவுசரில் திறந்து, மேலே உங்கள் பெயரை அமுக்குங்கள். விரிகிற பட்டியலின் அடியில் பிங் என்று ஓர் எண்ணும், சேர்வர் என்று ஓர் எண்ணும் மில்லி செக்கனில் ஓடிக்கொண்டிருக்கும். பிங் என்பது உங்கள் வீட்டிலிருந்து அங்கே போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம். சேர்வர் என்பது உங்கள் நகர்வைக் கையில் வாங்கி அவர்கள் வேலையை முடிக்க எடுக்கிற நேரம். இரண்டாவது எண் பெரும்பாலும் ஓரிலக்கத்தில் இருக்கும். அது சின்னதாக இருக்கும்போது "தளம் சரியில்லை" என்று திட்டுவதில் பயனில்லை.

முதல் எண் என் வீட்டில் 190 அளவில் நிற்கும். இதைப் பார்த்து ஒரு தகப்பன் பயந்துபோனார். பயப்பட ஒன்றுமில்லை. லிசெஸ்ஸின் சேர்வர்கள் இருப்பது பிரான்ஸில். நம்முடைய நாட்டிலிருந்து அந்தப் பக்கம் போகிற கடலடிக் கேபிள்களில் ஒன்று மாத்தறையில் கரையேறுகிறது, அதன் மறுமுனை பிரான்ஸின் துலோன் நகரத்தில். ஒளியே ஆனாலும் கண்ணாடி இழைக்குள் செக்கனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அவ்வளவு தூரம் போய் வருவதற்கு ஒரு விலை உண்டு. எந்த ரவுட்டர் வாங்கினாலும் அந்த விலை குறையாது.

எண் பெரிதா சிறிதா என்பதைவிட, அது ஆடுகிறதா என்று பாருங்கள். அரை நிமிடம் கண் எடுக்காமல் பாருங்கள். 190, 194, 188 என்று நின்றால் நல்ல நெட். 160, 900, 240, 1,400 என்று குதித்தால் அதுதான் நோய். நிலையான இழுவையைத் தளமே ஈடுகட்டும். நகர்வு பயணம் செய்த நேரத்தில் ஒரு பங்கை லிசெஸ் உங்கள் மணிக்கூட்டில் திருப்பிப் போட்டுவிடும். அதற்கு ஓர் எல்லை உண்டு, ஆட்டத்தின் வேகத்தைப் பொறுத்து அது மாறும். எல்லையைத் தாண்டிக் குதிக்கிற இழுவைதான் உங்கள் கணக்கில் விழுகிறது. "நான் கையை எடுத்தாப் பிறகும் ரெண்டு செக்கன் ஓடுது ஸேர்" என்று பிள்ளை சொல்வது இதைத்தான்.

அதனால் நம்மூரில் இருந்து ஆடுகிறவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம்: ஆளுக்கு ஒரு நிமிடம் மட்டும் தருகிற புல்லட் ஆட்டத்தை விட்டுவிடுங்கள். அது சேர்வருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் விளையாட்டு. ஆட்டத்தைத் தெரிவு செய்யும்போது ஒவ்வொரு நகர்வுக்கும் நேரம் கூடுகிற வகையை எடுங்கள். லிசெஸ் ஓர் ஆட்டத்தின் வேகத்தைக் கணிப்பது தொடக்க நேரத்தோடு, கூடும் செக்கனை 40 நகர்வால் பெருக்கிக் கூட்டித்தான். 5+0 (ஐந்து நிமிடம், கூடுதல் இல்லை) என்றால் 300 செக்கன், 3+2 (மூன்று நிமிடம், நகர்வுக்கு இரண்டு செக்கன் கூடும்) என்றால் 180உம் 80உம் சேர்ந்து 260. கணக்கில் 5+0தான் கூட. ஆனால் கடைசி இருபது நகர்வில் நெட் இடறினால் 3+2 உங்களைத் தாங்கும், 5+0 தாங்காது. பிரீமூவ், அதாவது எதிராளி நகர்த்தமுன்பே அடுத்த நகர்வைப் போட்டு வைப்பது, பழகுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: லிசெஸ்ஸில் அதற்கு நேரம் கழியாது, மற்றப் பெரிய தளமான செஸ் டொட் கொம்மில் ஒவ்வொன்றுக்கும் 0.1 செக்கன் கழியும்.

மீன்தொட்டி

உப்புவெளியில் ஒரு பிள்ளை. வயது பன்னிரண்டு, நல்ல ஆட்டக்காரி. ஏழு மணிக்குப் பிறகு ஆடினால் தோல்விதான். தாய் சொன்னார், "பின்னேரத்தில படிச்சுக் களைச்சுப் போறாள் ஸேர்." நான் நேரில் போய்ப் பார்த்தேன். ரவுட்டர் ஹோலில், ஷோகேஸின் கீழ்த்தட்டில், அதற்கும் பிள்ளையின் மேசைக்கும் நடுவே மூன்றடி நீள மீன்தொட்டி. தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும், மூன்றடித் தண்ணீர் என்றால் சுவர் மாதிரி. ரவுட்டரைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தோம். அம்மம்மா மட்டும், "தம்பி, அது சாமிப்படத்துக்கு நேர கிடக்குது" என்றார். ஓரடி தள்ளி வைத்தோம். குதிப்பு பாதியாகக் குறைந்தது.

பாதிதான். மிச்சப் பாதியைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போனது. அண்ணன்காரன் ஏழு மணிக்கு வேலையால் வருவான். வாசலில் கால் வைத்ததும் அவன் போன் வீட்டு வைஃபையைப் பிடிக்கும். பிடித்ததும் பகல் முழுக்க எடுத்த படமும் வீடியோவும் தானாக மேலே ஏறத் தொடங்கும். நாம் எல்லாரும் இறக்கும் வேகத்தைத்தான் பார்க்கிறோம், ஏற்றும் வேகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஏற்றும் பாதை ஒழுங்கை மாதிரி ஒடுக்கம். அதில் அண்ணனின் வீடியோ லொறி மாதிரிப் போய்க்கொண்டிருந்தால், தங்கச்சியின் குதிரை நகர்வு சைக்கிளில் பின்னால் நிற்க வேண்டியதுதான். செஸ் நகர்வுக்கு வேண்டிய டேட்டா சொற்பம், ஆனால் அது வரிசையில் நிற்கக் கூடாது. அண்ணனின் போனில் தானியங்கிப் படச் சேமிப்பை இரவு பதினொன்றுக்குப் பிறகு ஓடும்படி மாற்றினோம். பிள்ளையின் களைப்பு அன்றோடு போய்விட்டது.

உங்கள் வீட்டில் இதைச் சோதிக்க லேசான வழி: வைஃபையில் ஓர் ஆட்டம், வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் ஓர் ஆட்டம். ஒன்றில் இழுத்து மற்றதில் இழுக்காவிட்டால் பிழை நெட்டில். இரண்டிலும் ஒரே மாதிரி இழுத்தால் போனில். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: சுற்றுலாக்காரர் நிறைகிற மாதங்களில் பின்னேரம் மொபைல் டேட்டாவை நம்ப வேண்டாம், டவர் ஒன்று, பிடிக்கிறவர்கள் ஆயிரம். கேபிள் குத்தக்கூடிய கணினி இருந்தால் குத்துங்கள். இருபதடி லேன் கேபிள் புது ரவுட்டரைவிட மலிவு.

போனில் செய்ய வேண்டியவை சுருக்கமாக. வட்ஸ்அப்பில் வந்த லிங்கை அமுக்கி அதற்குள்ளேயே ஆடாதீர்கள், பிரவுசரில் திறவுங்கள். பற்றரி சேமிப்பு நிலையை நிறுத்துங்கள், அது நெட்டையும் சேர்த்துச் சேமிக்கும். காய் வழுக்கிப் போகிற அசைவை அமைப்பில் நிறுத்தலாம், பழைய போனில் அது பெரிய வித்தியாசம். முப்பரிமாணப் பலகை, பின்னணிப் படம் எதுவும் வேண்டாம். சேமிப்பிடம் நிறைந்த போன் எதைச் செய்தாலும் திக்கும், கலியாண வீடியோக்களை அழியுங்கள்.

சில நாட்களில் பிழை உண்மையிலேயே அக்கரையில்தான். 2023 ஜனவரியில் செஸ் ஆடுகிறவர் தொகை திடீரென்று ஏறியபோது சேர்வர்கள் திணறுகின்றன என்று செஸ் டொட் கொம்மே வெளிப்படையாக எழுதியது. அப்படியான நாளில் ரேட்டிங் (உங்கள் தரப் புள்ளி) ஏறி இறங்குகிற ஆட்டம் ஆடாதீர்கள், அவ்வளவுதான் வைத்தியம்.

குரங்கு ஞாயிறு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. எங்கள் பிள்ளைகளுக்குள் ஒரு சின்னச் சுற்றுப்போட்டி. பதினொன்றரை அளவில் ஒவ்வொரு பெயராக அணைந்தது. நாடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதால் என்று அமைச்சரே சொன்னார். "குரங்கு எந்த ரேட்டிங் ஸேர்?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

அன்று கவனித்தது இது. கரண்ட் போனதும் பாதிப் பிள்ளைகள் பதற்றத்தில் பக்கத்தை மூடிவிட்டார்கள். மூடினால் நீங்களாக எழுந்து போனதாகத் தளம் எடுத்துக்கொள்ளும், எதிராளிக்கு வெற்றி கோரும் உரிமை கெதியாகக் கிடைத்துவிடும். மூடக் கூடாது. போனில் மொபைல் டேட்டாவைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள், ஆட்டம் அதே இடத்தில் இருக்கும், மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கணினியில் ஆடுகிறவர்கள் முன்கூட்டியே போனிலும் அதே கணக்கில் உள்நுழைந்து வைத்திருந்தால் விட்ட நகர்விலிருந்து தொடரலாம். ரவுட்டருக்கென்று சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ். கடைகளில் இருக்கிறது, வாங்கும்போது உங்கள் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கிற வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்து எரித்தவர்களை எனக்குத் தெரியும். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டின காலத்தில் எந்த யூ.பி.எஸ்.ஸும் உதவவில்லை, அது வேறு கதை.

நெட் விழுந்து தோற்ற ஆட்டத்துக்குப் புள்ளி திருப்பிக் கேட்டு எழுதாதீர்கள். 2020 ஓகஸ்ட் 30, உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் ஒன்லைன் ஒலிம்பியாட் இறுதியாட்டம், இந்தியாவும் ரஷ்யாவும். உலகின் பல பக்கம் இணையம் தடைப்பட்ட நேரம், இந்தியாவின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்தார்கள். ஃபிடே இரு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தது. பிள்ளைகள் இந்தக் கதையை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே போட்டியில் இரண்டு நாள் முந்தி, காலிறுதியில் இந்தியாவோடு ஆடிய ஆர்மேனியாவின் ஒரு வீரருக்கும் இணைப்பு விழுந்தது. மேன்முறையீடு தள்ளுபடி, ஆர்மேனியா போட்டியை விட்டே விலகியது. நாங்கள் எல்லாரும் ஆர்மேனியாதான், தங்கக்காரர் அல்ல.

விசிறி கத்தினால்

இனி விதிக்கு வருகிறேன், கணினி வழியாகவே வருகிறேன். ஒரு பொடியனின் லப்டொப் ஆட்டத்தின் நடுவே விசிறி கத்தி, காய் நகர மறுத்தது. தகப்பன் தூசி என்று கொண்டுவந்தார். தூசி இல்லை. முதல் நாள் இரவு பார்த்த ஆட்டத்தின் ஆய்வுப் பக்கம் இன்னொரு டாப்பில் திறந்தே கிடந்தது, அதற்குள் ஸ்டொக்பிஷ், அதாவது சிறந்த நகர்வைக் கணித்துச் சொல்கிற செஸ் எஞ்சின், ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வுப் பலகையில் அந்த எஞ்சினை ஓட்டுவது உங்கள் கணினியின் மூளைதான், தளத்தின் சேர்வர் அல்ல. திறந்து விட்டால் கிடைக்கிற பலம் முழுவதையும் அது உறிஞ்சும்.

இது மந்தத்துக்குக் காரணம் என்பது சின்ன விஷயம். ஆட்டம் நடக்கையில் பக்கத்து டாப்பில் எஞ்சின் ஓடுவதும், நீங்கள் அடிக்கடி அந்த டாப்புக்குத் தாவுவதும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு என்னவாகத் தெரியும்? ஆடுகிற பக்கத்தை விட்டு நீங்கள் விலகியதை லிசெஸ் குறித்து வைக்கும். அந்தப் பொடியன் ஒன்றும் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும். தளத்துக்குத் தெரியாது. ஆகவே: ஆட்டத்துக்கு முன் எல்லா டாப்பையும் மூடுங்கள், கணினிக்கும் நல்லது, பெயருக்கும் நல்லது. பிரவுசரில் கூட்டிச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களையும் ஒருக்கால் பாருங்கள். படிப்பதற்கென்று யாரோ போட்டுக்கொடுத்த, பலகைக்கு மேல் அம்புக்குறி காட்டுகிற சாமான் எதுவானாலும் கழற்றுங்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் அது குற்றம்தான்.

எஞ்சின் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ரேட்டிங் இல்லாத ஆட்டத்திலும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. 2021 ஜூனில் விஸ்வநாதன் ஆனந்த் கொரோனா நிதிக்காகப் பிரபலங்களோடு ஒன்லைனில் ஆடினார். அவரைத் தோற்கடித்த ஒரு தொழிலதிபர் மறுநாளே கணினி உதவி எடுத்ததாக ஒப்புக்கொண்டார். வேடிக்கை ஆட்டம், தர்மக் காசு, ஆனாலும் பேச்சு எவ்வளவு காலம் நின்றது. ஓப்பனிங் புத்தகம் (ஆட்டத் தொடக்க நகர்வுகளின் தொகுப்பு) பார்க்கலாமா என்று கேட்பார்கள். மணிக்கூடு ஓடுகிற நேரடி ஆட்டத்தில் கூடாது. நகர்வுக்கு நாள் கணக்கில் நேரம் தருகிற ஆட்டங்களில், செஸ் டொட் கொம்மிலும் லிசெஸ்ஸிலும், பார்க்கலாம். எஞ்சின் அங்கேயும் கூடாது.

நம்முடைய ஆட்கள் அதிகம் மீறுகிற விதி எஞ்சின் விதி அல்ல. பின்னால் நிற்கிற மாமா. கெரம் போர்டைச் சுற்றி நாலு பேர் நின்றால் எட்டு யோசனை வரும், அதை நாம் குற்றமாக நினைத்ததே இல்லை. அதே பழக்கத்தில் பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மகள், அந்தக் கோட்டை சும்மா நிக்குது" என்பார். அந்த ஒரு வசனம் விதிமீறல். எஞ்சின் சொன்னாலும் மாமா சொன்னாலும் ஒன்றுதான். மாமா சொல்வது பெரும்பாலும் பிழையான நகர்வு என்பது தனி. எங்கள் வகுப்பில் பெற்றோருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: ஆட்டம் நடக்கையில் நீங்கள் கேட்கக்கூடிய ஒரே கேள்வி "தேத்தண்ணி வேணுமா?" வகுப்பில் நேரே வந்து ஆடுகிற நாளில் மற்றப் போன்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும், என்னுடையதும்தான்.

வேறு சில மீறல்கள் கள்ளம் மாதிரித் தெரியாது. எளிய எதிராளி கிடைக்க வேண்டுமென்று வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கை இறக்குவது. தோற்கப்போகிறோம் என்றதும் நகர்த்தாமல் மணிக்கூட்டை ஓடவிட்டு எதிராளியைக் காக்க வைப்பது. பிடிக்காத நிறம் வந்தால் ஆட்டத்தைத் தொடங்கமுன் திரும்பத் திரும்பக் கைவிடுவது. இவற்றுக்கு லிசெஸ் கொஞ்ச நேரம் ஆடவிடாமல் தடுத்து வைக்கும். இங்கேதான் நெட்டும் விதியும் மறுபடி முட்டுகின்றன: இணைப்பு விழுந்து விழுந்து வருகிறவரின் கணக்கும் மணிக்கூட்டை வேண்டுமென்று ஓடவிடுகிறவரின் கணக்கும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். நெட் குதிக்கிற நாளில் ஆடாமல் இருப்பதே புத்தி.

ஒரு கணக்கு மூடப்பட்டபோது

எங்கள் பொடியன் ஒருவனின் கணக்கை ஒரு தளம் மூடிவிட்டது. எந்தத் தளம் என்பது வேண்டாம். வயது பதின்மூன்று. அழுதுகொண்டு வந்தான், கோணேசர் மேல் சத்தியம் பண்ணினான். நான் அவனுடைய கடைசி நாற்பது ஆட்டத்தைத் திறந்து நகர்வு நேரங்களைப் பார்த்தேன். இதை நீங்களும் பழகுங்கள். மனிதன் ஆடினால் நேரம் கோணல்மாணலாக இருக்கும்: வெட்டினதைத் திருப்பி வெட்ட ஒரு செக்கன், சிக்கலான இடத்தில் ஐம்பது செக்கன். அந்த நாற்பதில் ஒன்பது ஆட்டம் மட்டும் வேறு மாதிரி. எல்லா நகர்வும் ஆறு, ஏழு, ஆறு செக்கன். ஒரே சிப்பாயைத் தவிர வேறு நகர்த்த வழியில்லாத இடத்திலும் ஏழு செக்கன். யோசிக்கிற நேரம் அல்ல அது, இன்னொரு திரையைப் பார்த்து வருகிற நேரம். ஒன்பதும் ஒரே கிழமை, இரவு பத்துக்குப் பிறகு.

"தம்பி, அந்தக் கிழமை உன்ட போன் ஆருட்ட இருந்தது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மச்சான் வந்து நிண்டவன் ஸேர்."

தளங்கள் ஒரு நல்ல நகர்வைப் பார்த்து யாரையும் பிடிப்பதில்லை. பல ஆட்டங்களைச் சேர்த்துவைத்து, எஞ்சினோடு ஒத்துப்போகிற அளவு, நகர்வு நேரம், பக்கத்தை விட்டு விலகியது எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கின்றன. லிசெஸ் இதற்கு வைத்திருக்கிற கருவி ஒன்றின் பெயர் இர்வின். யார் கை ஆடியது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது, கணக்கு யாருடையது என்பதுதான் தெரியும். கடவுச்சொல்லை மச்சானுக்கும் கொடுக்காதீர்கள்.

மேன்முறையீட்டை அவனைக் கொண்டே எழுத வைத்தேன், ஆறு வரி. என்ன நடந்தது, எந்தத் திகதிகள், யார் ஆடியது, தன் பிழை எது. "நான் மிகவும் ஏழை மாணவன், செஸ்தான் என் உயிர்" என்று அவன் தொடங்கியிருந்ததை வெட்டினேன். இரக்கம் கேட்டு எழுதுகிற கடிதத்தை அவர்கள் நாளுக்கு எத்தனை பார்ப்பார்களோ. பழைய கணக்கு திரும்பவில்லை. புதிதாக ஒன்று தொடங்க அனுமதி வந்தது. அனுமதி வருமுன் இரண்டாவது கணக்கைத் திறந்திருந்தால் அதையும் மூடியிருப்பார்கள்.

எதிராளி மேல் உங்களுக்குச் சந்தேகம் என்றாலும் இதே வழிதான். முதலில் உங்கள் பிங்கைப் பாருங்கள். அவருடைய நகர்வுகள் எல்லாம் பிந்திப் பிந்தி வந்தால் இழுப்பது உங்கள் பக்கமாகவும் இருக்கலாம். பிறகு ஆட்டத்தைத் திறந்து நேரங்களைப் பாருங்கள். துல்லியம் (நகர்வுகள் எஞ்சினுக்கு எவ்வளவு கிட்ட என்று தளம் நூற்றுக்குப் போடுகிற எண்) 96 என்று வந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், பதினைந்தாவது நகர்வில் ராணியைத் தொலைத்தவரோடு ஆடினால் யாருக்கும் 96 வரும். அதற்குப் பிறகும் சந்தேகம் நின்றால் முறைப்பாட்டுப் பொத்தானை அமுக்கி, ஆட்டத்தின் லிங்கையும் எந்த நகர்விலிருந்து சந்தேகம் என்பதையும் எழுதுங்கள். அரட்டைப் பெட்டியில் கள்ளன் என்று எழுதாதீர்கள், அதற்கு உங்கள்மேல் முறைப்பாடு வரும். வட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடவே வேண்டாம்.

முறைப்பாடு செய்தால் பதில் வராமலும் இருக்கும். உப்புவெளிப் பிள்ளை ஒன்று எழுதிப்போட்டு மறந்தே போனாள். மூன்று கிழமை கழித்து அவளுக்கு ஓர் அறிவித்தல்: விதி மீறிய ஒருவரிடம் இழந்த ரேட்டிங் திருப்பித் தரப்படுகிறது. ஏழு புள்ளி. எந்த ஆட்டம் என்று தேடிப் பார்த்தோம். அவள் சந்தேகப்பட்டு எழுதியவர் அல்ல அது. தோற்றதும் "நல்லா விளையாடினீங்க" என்று எழுதி வாழ்த்திய வேறொருவர்.